கண்ணை மாத்திட்டா

கதவு தரையைத் தொட்டது. விளக்கு அணைந்தது. மேலே மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிப்போனது. தன் மூச்சும் அதோடு சேர்ந்து அடங்கிவிட்டதோ என்று ஒல்லிக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"மேடம், இது நீங்க சொன்ன சோதனையிலேயே சேர்ந்ததா? இல்ல எனக்குன்னு தனியா வெச்ச சோதனையா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டான்.

"கரண்ட் போயிடுச்சு போல," என்றது இருட்டு, மேடத்தின் குரலில்.

மேடத்துக்குத் 'துப்பறிவாளர்' என்று வாசலில் பலகை உண்டு. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் 'கறார் மேடம்'தான். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்துகொண்டு, விபத்து நடந்த இடத்துக்குப் போய்ப் பொய்யையும் மெய்யையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதே அவருக்கு வேலையாக இருந்தது. ஒல்லி அவருடைய உதவியாளன். உடம்பில் சேராத சதையெல்லாம் அவனுக்கு வாயில் சேர்ந்திருந்தது. அந்த வாய்க்கும் ஒரு எல்லை உண்டு. மூடிய இடம் என்றால் அது உலர்ந்துவிடும். லிப்ட் என்றாலே படி ஏறிப் போகிறவன் அவன். எத்தனை மாடியானாலும் சரி.

இப்போது அவன் நின்றுகொண்டிருந்தது ஒரு கார் ஷெட்டுக்குள். வீட்டிலிருந்து தள்ளித் தனியாகக் கட்டியது. நாலு சுவர், தகரக் கூரை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம், வெளியே போக அந்த ஒரே ஒரு கதவு. மடிந்து மடிந்து மேலேறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும் மோட்டார் கதவு. நடுவில் கார். காருக்கும் சுவருக்கும் இடையில் ஒல்லியைத் தவிர வேறு யாரும் தாராளமாக நிற்க முடியாது.

காரின் மறுபக்கம், சுவரில் இருந்த ஸ்விட்சை யாரோ டக் டக்கென்று அமுக்கும் சத்தம் கேட்டது. அது அந்த வீட்டுப் பெண். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், மேடத்தைத் தேடி வந்து வழக்கை ஒப்படைத்தவள். ஸ்விட்ச் செத்துக் கிடந்தது. அவள் கைபேசி வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. ஒல்லியின் கைபேசியில் சார்ஜ் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. மேடம் தன் கைபேசியை எடுத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "அரை மணி ஆகுமா? சரி, வாங்க" என்று சாவதானமாகப் பேசிவிட்டு, அதன் டார்ச்சைப் போட்டுக் காரின் மேல் வைத்தார்.

அரை மணி என்றதும் ஒல்லி அந்த உள்ளங்கை அகலத் துவாரத்துக்கு நேராக மூக்கை நகர்த்திக்கொண்டான்.

வழக்கு பார்வைக்கு எளியது. வீட்டுப் பெரியவர், அதாவது இந்தப் பெண்ணின் அப்பா, போன மாதம் கண்புரை எடுத்துக்கொண்டவர். போன வாரம் ஒரு காலை, மறுபரிசோதனைக்குக் கிளம்பினார். மகள் அன்று காரை அவருக்கு விட்டுவிட்டு முன்பே வேலைக்குப் போயிருந்தாள். டிரைவர் காரை வெளியே எடுத்துத் தெருப்பக்கம் திருப்பிவிட்டு, வழக்கம்போல ரிமோட்டை அமுக்கினார். பெரியவர் கேட் அருகே நிற்பதாக அவர் நினைப்பு. பெரியவரோ கை தவறி உருண்டுபோன கண் சொட்டு மருந்துப் புட்டியைத் தேடிக்கொண்டு, கதவு இறங்கும் கோட்டிலேயே குந்தியிருந்தார். கதவு அவர் முதுகில் இறங்கியது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடக்கிறார்.

இந்த மாதிரிக் கதவுகள் ஆள் மேல் இறங்கக் கூடாது. அதற்கென்றே, இரண்டு பக்கச் சட்டத்திலும் கணுக்கால் உயரத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சென்சார்கள் உண்டு. அந்த வீட்டில் அவற்றுக்குக் 'கண்' என்றே பெயர். அந்தப் பார்வைக்குக் குறுக்கே ஒரு பூனை வந்தாலும் இறங்குகிற கதவு நின்று, திரும்ப மேலே போய்விடும். போலீஸ் வந்து ஒரு துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிப் பார்த்தது. கதவு மரியாதையாக மேலே போனது. கண் வேலை செய்கிறது என்றால், ஆள் இருக்கும்போது கதவை இறக்க ஒரு வழிதான் பாக்கி. உள்ளே சுவரில் இருக்கும் ஸ்விட்சை அமுக்கினபடியே பிடித்திருக்க வேண்டும். அப்போது கதவு கண் பேச்சைக் கேட்காது. முந்தின நாள்தான் பெரியவர் டிரைவரைத் தெருவே பார்க்கத் திட்டியிருந்தார். போலீஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டது. இன்று காலை டிரைவரைப் பிடித்து லாக்கப்பில் வைத்திருக்கிறது. நாளைக் காலை கோர்ட். கொலை முயற்சி.

லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து அவர் மேடத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். அந்தக் கதவை நம்பித்தான் திரும்பிப் பார்க்காமல் அமுக்கினாராம்.

மகளும் அதையேதான் சொன்னாள். டிரைவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, கதவில்தான் ஏதோ கோளாறு, அதைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு முதலாளி வீட்டுப் பெண் டிரைவருக்காக இப்படி உருகுவதைப் பார்த்து ஒல்லியே கேலியை நிறுத்திக்கொண்டான்.

கதவு மூடுவதற்குச் சற்று முன்புதான் மேடம் ஒரு சோதனை செய்திருந்தார். ஒரு மரப்பலகையைத் தரையில் படுக்கவைத்து, மகளை ஸ்விட்சை ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். பலகை கண்ணின் பார்வைக்குக் கீழே கிடந்ததால் கதவு இறங்கி அதைத் தொட்டது. எதன் மேலாவது முட்டினால் தானாகத் திரும்பிவிட வேண்டும் என்பது அதற்கு இருக்கும் இரண்டாவது காவல். இந்தக் கதவு திரும்பவில்லை. பலகை நெரியும் சத்தம் கேட்டது. மோட்டாரில் அதற்கான திருகை யாரோ கடைசிவரை முறுக்கி வைத்திருப்பதாக மேடம் சொன்னார்.

மகள் முகம் தெளிந்தது. அப்படியானால் கதவின் மேல்தானே தப்பு என்றாள். பாதித் தப்பு என்றார் மேடம். குந்தியிருந்த மனிதரை முதல் காவலான கண் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். அது ஏன் பார்க்கவில்லை என்பதுதான் கேள்வி. பிறகு சாதாரணமாகக் கேட்டார். "நீங்க எப்பவாவது மோட்டார்கிட்ட ஏறிப் பார்த்திருக்கீங்களாம்மா?"

"எனக்கு ஸ்விட்சை அமுக்கத்தான் தெரியும் மேடம். மேல என்ன இருக்குன்னு நிமிர்ந்துகூடப் பார்த்ததில்ல."

மேடம் தலையாட்டினார். கீழே உட்கார்ந்து கண் இரண்டையும் தடவிப் பார்த்தார். ஒரு கண்ணின் திருகிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான், கதவை முழுக்க மூடி உள்பக்கம் பார்க்க வேண்டும் என்றார். மூடினார்கள். மாட்டிக்கொண்டார்கள்.

ஒல்லி முதலில் கதவைக் கையால் தூக்கிப் பார்த்தான். கதவு அசையவில்லை. அவன் இடுப்பு அசைந்தது. டார்ச் வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தபோது, கதவுக்கு மேலே தடித்த ஸ்பிரிங் ஒன்று சுருண்டு கிடந்தது. அதைக் கழற்றிவிட்டால் கதவு தளர்ந்துவிடும் என்று ஒரு யோசனை உதித்து, காரிலிருந்த ஸ்பானரைத் தேடினான்.

"அதைத் தொட்டா அது உன்னைத் திருப்பித் தொடும்," என்றார் மேடம். "கதவோட மொத்த பாரத்தையும் அதுதான் தாங்குது. கழட்டினா ஸ்பானர் ஒரு சுவர்ல, நீ ஒரு சுவர்ல."

ஒல்லி ஸ்பானரைப் பவ்யமாகத் திரும்ப வைத்தான்.

அப்போதுதான் மேடம் சிவப்புக் கயிற்றைப் பற்றிச் சொன்னார். கரண்ட் போனால் உள்ளே இருப்பவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, இந்த மோட்டார்களிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு கைக்கு எட்டும்படி தொங்கும். கதவு மூடியிருக்கும்போது அதை இழுத்தால் மோட்டார் கதவை விட்டுவிடும். அப்புறம் ஒரு கையால் தூக்கலாம். ஒல்லி டார்ச்சை எடுத்துக் கூரையை அங்குலம் அங்குலமாகத் துழாவினான். கம்பி இருந்தது, ஒட்டடை இருந்தது, மோட்டாரின் ஈசானி மூலையில் ஒரு பல்லி இருந்தது. கயிறு இல்லை.

"நம்ம ராசிக்கு இதுல கயிறு வெக்கவே மறந்துட்டாங்க போல மேடம்."

மகள் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். உள்ளே புழுக்கம் ஏறியது. ரப்பர் நாற்றமும் பெட்ரோல் நாற்றமும் கலந்து மூக்கை அடைத்தன. சுவர்கள் இரண்டும் கூடிப் பேசி ஆளுக்கொரு அடி முன்னால் வந்துவிட்டதாக ஒல்லிக்குத் தோன்றியது. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இவ்வளவு சுதந்திரமான மணிச்சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

"சும்மா இருக்கறதுக்கு, நர்ஸ் காலைல என்ன சொன்னாங்கன்னு திரும்பச் சொல்லு," என்றார் மேடம்.

பேசச் சொன்னதே ஒல்லிக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது. நினைவு வரும்போதெல்லாம் பெரியவர் ஒன்றையே சொல்கிறாராம். அவரைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினான். "கண்ணை மாத்திட்டா... அவ்வளவுதான் மேடம். அப்புறம் வாயை மூடிக்கிறாராம். மிச்சத்தைச் சொல்லுவாருன்னு அந்த வார்டே காத்துக்கிட்டிருக்கு."

மகள் டயரிலிருந்தபடியே அவசரமாகச் சொன்னாள். அது கண் ஆபரேஷனைப் பற்றித்தானாம். கண்ணுக்குள் லென்ஸை மாற்றிவிட்டால் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அந்த ஞாபகத்தில் பிதற்றுகிறாராம். அவள் கணவன் உடனே ஓடிப்போய்க் கண் டாக்டரையே அழைத்து வந்தானாம். அவர் பெரியவரின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்து, கண் பிரமாதமாக இருக்கிறது என்று திருப்தியோடு போய்விட்டாராம்.

"முதுகு உடைஞ்ச ஆளுக்குக் கண்ணு பிரமாதம்," என்றான் ஒல்லி. "சந்தோஷமான சேதிதான்."

மேடம் சிரிக்கவில்லை. "ஒல்லி, அந்த வாக்கியம் முடிஞ்சுதா, முடியலையா?" என்றார்.

இதென்ன கேள்வி என்று அவன் திருதிருவென்று விழித்தான். பதில் சொல்வதற்குள் மேடத்தின் கைபேசி அடித்தது.

மேடம் காதில் வைத்துக்கொண்டார். "சரி... சரி... எப்போ?" என்று கேட்டார். அதன் பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒல்லிக்கு அந்த முகம் தெரியும். எவ்வளவு பெரிய பொய்க்கும் கலங்காத முகம் அது. இப்போது அதில் ஏதோ கலங்கியிருந்தது.

"நர்ஸ்மா. உங்க அப்பாவுக்கு நல்லா நினைவு வந்துடுச்சாம். உங்களைக் கேக்கறாராம்," என்றார் மகளைப் பார்த்து. பிறகு குரல் தணிந்தது. "ஆனா உள்ள ரத்தம் கசியுதாம். ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போறாங்க. உறுதி எதுவும் சொல்ல முடியாதுங்கறாங்க. எடுத்துட்டுப் போறதுக்குள்ள பொண்ணைப் பார்க்கணும்னு அடம் பிடிக்கறாராம்."

மகள் எழுந்து கதவின் மேல் போய் விழுந்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். அப்பா, அப்பா என்று, கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது போலக் கூப்பிட்டாள். ஒல்லி தன் பயத்தை மறந்து, அசையாத கதவை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தான். அரை மணியில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று அவனுக்குத் தெரியவில்லை. மேடம் கதவருகே நகர்ந்து, விரல்களை மடக்கிக் கையை ஓங்குவதை மட்டும் பார்த்தான். தட்டி என்ன ஆகப்போகிறது, வெளியே யார் இருக்கிறார்கள் என்று நினைத்தான்.

அந்தக் கை கதவில் படவில்லை. அதற்குள் மகள் செருப்பை உதறிவிட்டுக் காரின் மேல் ஏறியிருந்தாள். முன்பக்கம் ஒரு கால், கூரையில் ஒரு கால். டார்ச் வெளிச்சம் அவள் முழங்காலோடு நின்றுவிட்டது. மேலே இருட்டு. அவள் துழாவவில்லை, தேடவில்லை. மோட்டாரின் நீளக் கம்பிக்கு மேல்புறம், கீழிருந்து யாருக்கும் தெரியாத இடத்தில் நேராகக் கையை விட்டாள். எலி வால் அளவுக்கு எதையோ பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். டக்.

"தம்பி, தூக்குங்க," என்றாள்.

ஒல்லி குனிந்து தூக்கினான். முன்பு மலைபோல நின்ற கதவு, தலையணை போல லேசாக எழுந்து மேலே போனது. வெயில் உள்ளே கொட்டியது. மூன்று பேரும் கண் கூசி நின்றார்கள்.

மகள் காரின் கூரையிலிருந்து இறங்கும்போதுதான் மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். கையில் சிவப்பு நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லன்னு சொன்னீங்க," என்றார் மேடம். அந்தக் குரலில் கறார் இல்லை. கைப்பையைத் திறந்து, கண்ணின் திருகில் சிக்கியிருந்ததை எடுத்துக் காட்டினார். சிவப்பு நூல் பிசிறு. "கயிறு மேல இருக்க வேண்டிய பொருள். இது கணுக்கால் உயரத்துல இருந்தது. அப்போ, கீழ இருக்கற கண்ணு மேல போயிட்டு வந்திருக்கணும்."

அவள் காரின் மேல் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மற்ற நாட்களில் காலையில் அவளே காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சூரியன் சாய்வாக வந்து ஒரு கண்ணில் நேராக விழும். கதவு பாதி இறங்கித் திரும்ப மேலே போகும். இறங்குவாள், வெயிலை மறைப்பாள், ஏறுவாள், மறுபடி மேலே போகும். தினமும் தாமதம், தினமும் வேலையில் பேச்சு. ஒரு விடுமுறை நாளில் ஆத்திரம் தாங்காமல் ஏணி போட்டு ஏறினாள். இரண்டு கண்களையும் கழற்றி, மேலே மோட்டார் பக்கத்தில் ஒன்றையொன்று முகத்துக்கு முகம் பார்க்கும்படி வைத்தாள். கட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை. தொங்கிக்கொண்டிருந்த சிவப்புக் கயிற்றையே வெட்டிக் கட்டினாள். மிச்சத்தைக் கம்பிக்கு மேல் செருகினாள். கதவு கனமாக முக்குகிறதென்று அந்தத் திருகையும் முறுக்கிவிட்டாள். அப்புறம் கதவு சொன்ன பேச்சைக் கேட்டது. யார் நின்றாலும் கேட்கும் என்பது அவள் புத்தியில் ஏறவில்லை. அப்பா மட்டும் பார்த்துவிட்டு, இது தப்பு, கழற்று என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன் என்றிருந்தாள்.

விபத்தன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், போலீஸ் வருவதற்குள் கண்களைக் கீழே பழையபடி பூட்டிவிட்டாள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"டிரைவரைப் பிடிப்பாங்கன்னு நினைக்கவே இல்ல மேடம். நீங்க வந்தா கதவு மேல பழியைப் போட்டு அவரை வெளிய கொண்டு வந்துடுவீங்கன்னு நம்பினேன்."

இரண்டு கண் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் உலகத்தில் வேறு எதுவும் தெரியாது என்று ஒல்லியின் நாக்கு நுனியில் ஒரு நகைச்சுவை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான்.

"நாம எல்லாரும் 'மாத்திட்டா'ன்னு கேட்டுட்டு மிச்சத்துக்குக் காத்துக்கிட்டிருந்தோம்," என்றார் மேடம். "மாற்றிவிட்டால் என்ன ஆகும்னு. அதுல மிச்சமே இல்ல. அவர் முழுசாச் சொல்லிட்டுத்தான் வாயை மூடினாரு. மாற்றிவிட்டாள். இந்த வீட்டுல 'அவள்' ஒருத்திதான்."

மகள் தலை குனிந்தாள். "அப்பாவே என்னைக் காட்டிக் குடுத்துட்டாரு. குடுக்க வேண்டியதுதான்."

அப்போது ஷெட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. எலக்ட்ரீஷியன். இன்னும் தட்டவில்லையே, பியூஸைப் போடலாமா வேண்டாமா என்று கேட்டார். ஒல்லி அவரைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரண்ட் தானாகப் போகவில்லை. அரை மணியும் பொய். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருக்க, அவன் உள்ளே செத்துப் பிழைத்திருக்கிறான்.

"மூணு தட்டு தட்டினா போடச் சொல்லியிருந்தேன்," என்றார் மேடம். "வாயைக் கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். கையைக் கேட்டுப் பார்க்கலாம்னு நினைச்சேன்."

"அப்போ அந்த போனும் உங்க ஏற்பாடுதானா மேடம்?"

"இல்ல ஒல்லி. அது நிஜம். அதனாலதான் தட்டறதுக்குக் கையை ஓங்கினேன். அவங்க முந்திக்கிட்டாங்க." மேடம் மகளின் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணும் நர்ஸ் சொன்னாங்க. உள்ள வெச்சுச் சொல்ல எனக்கு மனசு வரல. உங்களை எதுக்குக் கூப்பிடுறாருன்னு அவர்கிட்ட கேட்டாங்களாம். காட்டிக் குடுக்கறதுக்கு இல்லம்மா. 'கண்ணை மாத்திட்டா, அந்தக் கதவுல அவளே மாட்டிக்குவா, காலைல அவசரத்துல ஓடற பொண்ணு, யாராவது போய்ச் சொல்லுங்க'ன்னாராம். இத்தனை நாளா அதைத்தான் சொல்ல வந்திருக்காரு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கதவு இறங்கும் கோட்டின் மேலேயே உட்கார்ந்தாள். மேடம் அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கிக் காரில் ஏற்றினார். ஒல்லி சாவியைப் போட்டான். ரிமோட்டை எடுத்து மேடம் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கார் தெரு முனையைத் தாண்டுவதற்குள் மகள் மேடத்தின் கைபேசியைக் கேட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரிக்குத்தான் பேசப்போகிறாள் என்று ஒல்லி நினைத்தான். அவள் கேட்டது போலீஸ் ஸ்டேஷன் நம்பர். மறுமுனையில் யாரோ எடுத்ததும், அழுகையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தன் அப்பா பெயரைச் சொன்னாள், வீட்டைச் சொன்னாள். டிரைவரை விட்டுவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"கண்ணை மாத்தினது நான்," என்றாள்.